பரிசோதனையில் ஒன்றுமில்லை, பிறகு வயிறு ஏன் வலிக்கிறது? வளரிளம் பருவத்தினரின் ஐபிஎஸ்ஸும் நோய் எதிர்ப்பு மண்டலமும்

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் 13, 14 வயதுப் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையவே இருக்கிறார்கள். கழிவறைக்குப் போய்வந்தால் வலி சற்றுத் தணியும். இரண்டு நாள் கழித்து மீண்டும் வரும். பக்கத்து மருந்தகத்தில் காட்டினால் 'கேஸ்ட்ரிக்' மாத்திரையும் ஒரு நாள் எம்சியும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இங்கேதான் குடும்பத்துக்குள் இரண்டு விதமான பேச்சு தொடங்குகிறது. "டெஸ்ட்ல ஒன்றுமில்லையாம், பள்ளிக்குப் போகச் சோம்பல்" என்பது ஒன்று. "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி போதவில்லை, ஏதாவது சத்து மாத்திரை வாங்கிக் கொடு" என்பது மற்றொன்று.

இரண்டும் தவறு. ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு உள்ள பிள்ளையின் வலி உண்மையானது. அதில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பங்கும் உண்டு. ஆனால் அந்த மண்டலம் பலவீனமாக இருப்பதால் வரும் வலி இல்லை இது. குடலின் சில இடங்களில் அது தேவைக்கு மேல் விழிப்பாக இருப்பதால் வருவது. இந்த வேறுபாடு பிடிபட்டால், எந்தப் பரிசோதனை அவசியம், எந்த மருந்து டப்பா வீண் செலவு என்பதெல்லாம் தானாகத் தெளியும்.

பெயரில் உள்ள குழப்பம்

ஐபிஎஸ்ஸைத் தமிழில் 'எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குறி' என்று எழுதுகிறார்கள். 'எரிச்சல்' என்றதும் நெஞ்செரிச்சலோ காரம் தின்ற எரிச்சலோதான் நினைவுக்கு வருகிறது. இங்கே பொருள் வேறு. தொட்டாற்சிணுங்கிச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று பட்டாலும் சுருங்கும், கை பட்டாலும் சுருங்கும். இலையில் புண் ஒன்றும் இருக்காது. ஐபிஎஸ் குடலும் அப்படித்தான். மற்றவர்கள் உணராத சாதாரண வாயுவையும் குடல் அசைவையும் அது வலியாக உணர்கிறது.

இத்தகைய குடல் கோளாறுகளைக் கண்டறிய உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அது சொல்வது இது:

1. மாதத்தில் குறைந்தது 4 நாள் வயிற்றுவலி இருக்க வேண்டும்.
2. அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் போகும் எண்ணிக்கை மாறுவதோடு சேர்ந்தோ, மலத்தின் தன்மை மாறுவதோடு சேர்ந்தோ வர வேண்டும்.
3. மலச்சிக்கல் உள்ள பிள்ளையென்றால், சிக்கல் தீர்ந்த பிறகும் வலி தொடர வேண்டும். சிக்கலோடு வலியும் போய்விட்டால் அது வெறும் மலச்சிக்கல்தான்.
4. தகுந்த முறையில் சோதித்த பிறகு, வேறு நோயால் இதை முழுமையாக விளக்க முடியாது என்று தெரிய வேண்டும்.
5. இதெல்லாம் குறைந்தது 2 மாதம் நீடிக்க வேண்டும்.

ஆக, ஒரு வாரம் வயிறு கெட்டுப்போனால் அது ஐபிஎஸ் ஆகாது. இது அரிதான நோயும் இல்லை. சிங்கப்பூரில் பெரியவர்களிடம் வீடுவீடாக நடத்தி 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், அன்றைய ரோம் அளவுகோலின்படி 8.6 விழுக்காட்டினருக்கு ஐபிஎஸ் இருந்தது.

ஓர் எழுத்து மாறினால் வேறு நோய்

ஐபிஎஸ் என்பதையும் ஐபிடி என்பதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஐபிடி (IBD) என்பது குடல் அழற்சி நோய். அழற்சி என்றால் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரளாக ஓரிடத்தில் கூடித் தாக்குவதால் அந்த இடம் வீங்கி, சிவந்து, புண்ணாவது. கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சியும் இந்த வகை. இவற்றில் குடல் கண்ணுக்குத் தெரியும்படி சேதமாகும். வளரும் பிள்ளையின் உயரமும் எடையும் தடைப்படும். ஐபிஎஸ்ஸில் இது எதுவும் நடக்காது. குழாய் விட்டுப் பார்த்தால் குடல் வழுவழுவென்று நன்றாகவே தெரியும்.

இதை நம் சமூகத்துக்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் பெருங்குடல் புண் அழற்சி கூடுதலாகக் காணப்படுவதை இங்கே நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலேசியாவிலும் அப்படித்தான். எண்ணிக்கையில் இது இன்னும் ஐபிஎஸ்ஸைவிட மிகக் குறைவு. என்றாலும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்று மலத்தில் இரத்தம் போவதாகச் சொன்னால், 'சூடு பிடித்திருக்கும்' என்று இளநீர் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

குடல் ஒரு சோதனைச் சாவடி

நோய் எதிர்ப்பு அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பலரும் இரத்தம் என்பார்கள். உண்மையில் குடலிலும் அவை ஏராளமாகக் குவிந்திருக்கின்றன. காரணம் எளிது. வெளியுலகிலிருந்து நாள்தோறும் உடலுக்குள் மிக அதிகமான பொருள் நுழையும் வாசல் அதுதான். அந்த வாசலின் உட்புறச் சுவரோ ஒரே ஓர் உயிரணு கனம்தான்.

சிங்கப்பூர், மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியை எண்ணிப் பாருங்கள். தினமும் லட்சக்கணக்கானோர் கடக்கிறார்கள். எல்லாரையும் நிறுத்தினால் பாலமே முடங்கிவிடும். யாரையும் நிறுத்தாவிட்டால் கடத்தல்காரன் உள்ளே வந்துவிடுவான். குடலின் காவல் அணுக்களும் இதே இக்கட்டில்தான் வேலை செய்கின்றன. உணவையும் நல்ல கிருமிகளையும் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், கெட்ட கிருமியை மட்டும் பிடிக்க வேண்டும். உணவை எதிரியாகப் பார்க்காமல் விடும் இந்தப் பக்குவத்தை மருத்துவத்தில் சகிப்புத்தன்மை என்கிறார்கள். ஐபிஎஸ் பற்றிய புதிய ஆய்வுகள் பலவும் கடைசியில் இந்தச் சகிப்புத்தன்மையில்தான் வந்து நிற்கின்றன.

காவல் அணுக்களில் நமக்கு இங்கே முக்கியமானது மாஸ்ட் செல். ஒவ்வாமையில் தும்மலையும் தடிப்பையும் வரவைப்பது இதுதான். இதற்குள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் போன்ற வேதிப்பொருள்கள் சிறு சிறு பொதிகளாக நிரம்பியிருக்கும். ஆபத்து என்று தோன்றினால் பொதிகள் உடையும். அப்போது மூன்று விஷயங்கள் நடக்கும்:

1. பக்கத்தில் உள்ள நரம்பு நுனிகள் கூர்மையாகும். முன்பு வலிக்காதது இப்போது வலிக்கும்.
2. குடல் தசைகளின் அசைவு மாறும். சிலருக்கு வேகம் கூடி வயிற்றுப்போக்கு, சிலருக்கு ஒழுங்கு கெட்டு மலச்சிக்கல்.
3. சுவர் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளரும். உள்ளே வரக்கூடாத துணுக்குகள் கசியும். அவை மேலும் மாஸ்ட் செல்களைத் தூண்டும்.

இத்தாலிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் திருப்புமுனை. ஐபிஎஸ் உள்ளவர்களின் பெருங்குடலில் மாஸ்ட் செல்கள் நரம்புகளுக்கு மிக அருகில் இருந்தன. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலி. 2014இல் அதே நாட்டில் ஐபிஎஸ் உள்ள குழந்தைகளிடமும் இந்த நெருக்கம் காணப்பட்டது. இவையெல்லாம் நுண்ணோக்கியில், சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தால் மட்டுமே தெரிபவை. வழக்கமான இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ வராது. 'டெஸ்ட் நார்மல்' என்ற சொல்லுக்கு அந்தச் சோதனை தேடிய பொருள் அங்கே இல்லை என்பது மட்டுமே அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தமே கிடையாது.

கிருமி போன பிறகும் மறக்காத குடல்

2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் ஈ.கோலை, கேம்பிலோபேக்டர் கிருமிகள் கலந்தன. சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை ஆய்வாளர்கள் 8 ஆண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி எப்போதோ போய்விட்டது. ஆனால் அன்று வயிறு கெட்டவர்களிடம் ஐபிஎஸ், மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் இருந்தது. சிறுவர்களும் விதிவிலக்கில்லை.

குடல் தொற்றுக்குப் பின் வரும் இந்த வகை இன்று நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. கடுமையான தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. சால்மொனெல்லா போன்ற நச்சுணவுக் கிருமியால் வயிறு கெட்ட பிள்ளை, காய்ச்சல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் வலி என்று சொன்னால் அதை நம்ப வேண்டிய காரணம் இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அருமையான விளக்கம் தந்தது. எலிகளுக்குக் குடல் தொற்று உண்டாக்கி, அதே சமயத்தில் முட்டைப் புரதம் ஒன்றையும் ஊட்டினார்கள். தொற்று முழுவதும் ஆறிய பின் அந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகளின் குடல் வலியைக் காட்டியது. தொற்று இல்லாமல் புரதம் மட்டும் உண்ட எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. கடத்தல்காரன் பிடிபட்ட நேரத்தில் அவன் பக்கத்து வரிசையில் நின்ற ஒரே பாவத்துக்காக, அப்பாவி ஒருவரின் பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது போல.

அப்புறம் அவர்கள் மனிதர்களிடம் சோதித்தார்கள். ஐபிஎஸ் உள்ள 12 பேரின் குடல் உட்சுவரில் பசும்பால், கோதுமை, சோயா போன்றவற்றின் புரதத்தை நுண்ணிய அளவில் செலுத்தினார்கள். 12 பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது அந்த இடம் வீங்கியது. ஆரோக்கியமான 8 பேரில் இருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் இங்கே குடலில் மட்டும் உருவாகிறது, இரத்தத்தில் சுற்றுவதில்லை. அதனால்தான் இரத்தத்திலும் தோலிலும் செய்யும் ஒவ்வாமைச் சோதனைகள் ஒன்றும் காட்டுவதில்லை.

12 பேர் என்பது சிறு எண்ணிக்கை, அவர்கள் எல்லாரும் பெரியவர்கள். எல்லா ஐபிஎஸ்ஸுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் "சாப்பிட்டதும் வலிக்கிறது, ஆனா அலர்ஜி இல்லையாம்" என்ற பழைய புதிருக்கு முதல்முறையாக ஒரு கண்கூடான வழி தெரிந்தது.

இதோடு ஓர் எச்சரிக்கை. 100 உணவுகளுக்கு 'ஐஜிஜி' என்ற வேறோர் எதிர்ப்பொருளைப் பார்க்கிறோம் என்று விற்கப்படும் இரத்தப் பரிசோதனை இதைக் கண்டுபிடிக்காது. ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் கடைசியில் சத்துக் குறைவுதான் மிஞ்சும்.

ஏன் இந்த வயதில்?

பூப்பெய்தும் வயது வரை ஆண், பெண் பிள்ளைகளிடம் பெரிய வேறுபாடு இருக்காது. அதன் பிறகு பெண்பிள்ளைகளிடம் கூடுகிறது, மாதவிடாய் நாட்களில் வலி மோசமாகிறது. பெண் ஹார்மோன்களை உணரும் அமைப்பு மாஸ்ட் செல்களிலும் உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது பசும்பால் ஒவ்வாமை வந்திருந்தால், பின்னாளில் இந்த வகை வயிற்றுவலி வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரிகிறது.

மன அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பிள்ளைகள் அதிகம் புண்படுகிறார்கள். 'டென்ஷன்தான் காரணம்' என்று மருத்துவர் சொன்னதும், 'நடிக்கிறாள்' என்று வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். நடப்பது என்ன? அழுத்தத்தில் மூளை வெளியிடும் ஹார்மோன் ஒன்று மாஸ்ட் செல்களை நேரடியாகத் தூண்டுகிறது. லூவனில் 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களை மேடையில் பேச வைத்தார்கள். அழுத்த ஹார்மோன் ஏறியவர்களின் சிறுகுடலில் கசிவு கூடியது. மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் அந்தக் கசிவு ஏற்படவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முன் வயிறு கலக்குவது இதே வழியில்தான். ஓ நிலைத் தேர்வு நெருங்கும்போது, தூக்கமும் குறைந்து, காலை உணவையும் விட்டுவிட்டு, பள்ளிக் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு மதியம் வரை அடக்கிவைக்கும் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. மனத்தில் தொடங்கியது குடலில் வேதிப்பொருளாக முடிகிறது. இதில் நடிப்புக்கு இடமே இல்லை.

'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டலாமா?'

வேண்டாம். ஐபிஎஸ் உள்ள பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை. பெருந்தொகைக்கு விற்கும் 'இம்யூனிட்டி' மாத்திரைகள் குடலில் உள்ள காவலைச் சீர்ப்படுத்துவதில்லை. சில நேரம் நிலைமையைக் கெடுக்கவும் செய்யும். அதிக அளவு வைட்டமின் சியும் மெக்னீசியமும் வயிற்றுப்போக்கைத் தரும். சர்க்கரை இல்லாத மென்மிட்டாய் மாத்திரைகளில் சேர்க்கும் சார்பிட்டால் குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும்.

சரி, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவிடலாமே என்றால் அதுவும் பலிக்கவில்லை. பெருங்குடல் புண் அழற்சிக்குக் கைகொடுக்கும் மெசலசின் என்ற மருந்தை ஐபிஎஸ்ஸுக்கு இத்தாலியிலும் பிரிட்டனிலும் முறையாகச் சோதித்தார்கள். மொத்தத்தில் பயன் இல்லை. ஹிஸ்டமினைத் தடுக்கும் சில மருந்துகள் பெரியவர்களிடம் ஓரளவு பலன் தந்திருக்கின்றன, ஆனால் பதின்ம வயதினருக்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை. வீட்டில் இருக்கும் தும்மல் மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பார்க்கும் விஷயமும் இல்லை.

ஐபிஎஸ் புற்றுநோயாக மாறாது. ஐபிடியாகவும் மாறாது. இதைப் பிள்ளையிடமே நேராகச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் தேடிப் பயந்துபோய் இருக்கும் வயது அது.

எதைச் சோதிக்க வேண்டும்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்:

1. மலத்தில் இரத்தம்.
2. காரணமின்றி எடை குறைவது, உயரம் கூடாமல் நிற்பது, பருவமடைதல் தள்ளிப்போவது.
3. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது வயிற்றுப்போக்கு.
4. விடாத காய்ச்சல், மூட்டுவலி, அடிக்கடி வாய்ப்புண்.
5. தொடர் வாந்தி, விழுங்கச் சிரமம், ஆசனவாயைச் சுற்றிப் புண் அல்லது சீழ்.
6. இரத்த உறவில் ஐபிடி அல்லது சீலியாக் நோய்.

இவை எதுவும் இல்லையென்றால் சில எளிய சோதனைகள் போதும். அவற்றில் பெற்றோர் பெயர் தெரிந்து வைத்திருக்க வேண்டியது மலத்தில் பார்க்கும் கால்புரொடெக்டின். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களுக்குள் இருக்கும் புரதம் இது. குடலில் உண்மையான அழற்சி இருந்தால் இந்த அணுக்கள் கூட்டமாக வந்து மலத்தில் கலக்கும். ஒரு கிராமில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் ஐபிடி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 250ஐத் தாண்டினால் குடல் நிபுணர் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அண்மையில் வயிறு கெட்டிருந்தாலோ ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை எடுத்திருந்தாலோ எண் ஏறலாம், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சீலியாக் நோய் கோதுமைப் புரதத்தால் வருவது. வட இந்தியாவில் பரவலாகவும் தென்னிந்தியாவில் குறைவாகவும் காணப்படுகிறது. இதற்கு இரத்தம் எடுக்கும்போது பிள்ளை வழக்கம்போல் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் சோதனை பொய்யாக 'இல்லை' என்று வரலாம்.

தட்டில் என்ன மாற்றலாம்

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த 'ஃபாட்மேப்' குறைந்த உணவுமுறை இன்று பிரபலம். குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில சர்க்கரைகளைத்தான் ஃபாட்மேப் என்கிறார்கள். நம் சமையலில் அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். வெங்காயம், பூண்டு, பருப்பு, கொண்டைக்கடலை, கோதுமை, பால், மாம்பழம். ரொட்டி பரோட்டாவும் பருப்புக் குழம்பும் தே தாரிக்கும் சேர்ந்தால் மூன்று வகை ஒரே வேளையில் வந்துவிடும்.

இந்த முறையை முழுதாகக் கடைப்பிடிப்பது சில வாரங்களுக்கு மட்டுமே. பிறகு ஒவ்வோர் உணவாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு உணவியல் நிபுணர் துணையின்றி இதைத் தொடங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். குறிப்பாக, உடல் எடையைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளையென்றால் கட்டுப்பாடு வேறு திசையில் போய்விடும்.

அதற்கு முன் வீட்டிலேயே சிலவற்றைச் செய்யலாம். பாலை இரண்டு வாரம் குறைத்துப் பாருங்கள், ஆசியர்களில் பலருக்கு வயதாக ஆகப் பாலின் லாக்டோஸ் செரிப்பது குறைகிறது. பூண்டில் உள்ள நொதிக்கும் சர்க்கரை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் தாளிக்கும் எண்ணெயில் முழுப் பூண்டைப் போட்டு வாசம் இறங்கியதும் எடுத்துவிட்டால், மணம் கிடைக்கும், தொல்லை வராது. சோறு பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து பிள்ளைகளின் வலியைக் குறைத்ததற்குச் சான்று இருக்கிறது.

சாப்பாட்டுக்கு அப்பால்

பிள்ளைகளிடம் மிக நல்ல பலன் காட்டிய சிகிச்சைகளில் ஒன்று குடலை மையமாக வைத்த ஆழ்நிலைத் தளர்வுப் பயிற்சி. மருத்துவ ஹிப்னோதெரபி என்பார்கள். நெதர்லாந்தில் 2007இல் வெளியான ஆய்வில் 8 முதல் 18 வயது வரையுள்ள 53 பேர் கலந்துகொண்டார்கள். ஓராண்டு கழித்து இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25 விழுக்காடுதான். எண்ணங்களையும் பழக்கங்களையும் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உதவுகிறது. மூளையிலிருந்து குடலுக்கு இறங்கும் அதே பாதையைத்தான் இந்தச் சிகிச்சைகள் எதிர்த்திசையில் பயன்படுத்துகின்றன. மனநல நிபுணரிடம் அனுப்பினால் பிள்ளையைப் 'பைத்தியம்' என்று சொல்லிவிட்டதாக எண்ணிக் கோபப்படுவது அந்தப் பிள்ளைக்கு நாமே செய்யும் அநியாயம்.

இங்கே எப்படித் தொடங்குவது

முதலில் பலதுறை மருந்தகம் அல்லது வழக்கமான குடும்ப மருத்துவர். தேவைப்பட்டால் அங்கிருந்து கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். இரண்டிலும் குழந்தைகளுக்கான குடல் நிபுணர்கள் இருக்கிறார்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

போகும் முன் இரண்டு வாரக் குறிப்பு ஒன்றைப் பிள்ளையே எழுதட்டும். வலித்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, மலத்தின் தன்மை, தூங்கிய நேரம், அன்று பள்ளியில் என்ன இருந்தது. பெண்பிள்ளையென்றால் மாதவிடாய்த் தேதியும். கடந்த ஓராண்டில் நச்சுணவாலோ கடும் வயிற்றுப்போக்காலோ படுத்திருந்தால் அதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள், மருத்துவர்கள் கேட்க மறப்பதும் பெற்றோர் சொல்ல மறப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடமோ ஆலோசகரிடமோ மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, வகுப்பு நடுவில் கையைத் தூக்கிக் கேட்காமலே கழிவறைக்குப் போக அனுமதி வாங்கி வையுங்கள். தேர்வு அறையில் வாசலுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். போக முடியும் என்ற உறுதி கையில் இருந்தால், போக வேண்டிய அவசரமே பல பிள்ளைகளுக்குக் குறைந்துவிடுகிறது.